மாயவன் எடுத்த பேனர்

பஸ் நிறுத்தத்துப் புளியமரத்தில் கயிறு மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. பேனரைக் காணோம்.

கண்ணையன் யாரிடமும் விசாரிக்கவில்லை. விசாரிக்க என்ன இருக்கிறது? குன்னத்துக்கு இந்தப் பக்கம் எந்த ஊரில் பேனர் காணாமல் போனாலும் போய்ப் பார்க்க வேண்டிய இடம் ஒன்றுதான். மாயவனின் வெங்காயக் காடு.

மாயவன் எதையும் தூக்கிப் போடமாட்டான். பால் கவரில் மிளகாய் நாற்று விடுவான். குளிக்கிற தண்ணீர் வாழைக்குப் போகும். பெண்டாட்டியின் கிழிந்த சேலை மாட்டுக் கயிறாகிவிடும். கடையில் கேரி பேக் கொடுத்தால் திருப்பிக் கொடுத்துவிட்டு, பருப்பைத் துண்டில் முடிந்துகொண்டு வருவான். எந்த வீட்டில் கல்யாணம் முடிந்தாலும் மறுநாள் ஏணியோடு போய் நிற்பான்.

"பேனர அவுத்துக்கட்டுமாங்க? வெங்காயத்துக்கு மூட ஆவும்."

ஊர் சிரிக்கும். ஊருக்கு என்ன, சிரிக்க ஓர் ஆள் வேண்டும்.

ஆனால் இது கல்யாண பேனர் இல்லை. லாரி மோதிச் செத்துப்போன கலைச்செல்வனின் கண்ணீர் அஞ்சலி பேனர். கண்ணையனின் ஒரே மகன். நாலு மாதமாகச் சாயங்காலமானால் அதன் எதிரில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருவார். வேறு வேலை என்ன இருக்கிறது அவருக்கு?

காட்டில் மாயவன் வெங்காயம் சேர்த்துவைக்கும் பட்டறைக்குப் படல் கட்டிக்கொண்டிருந்தான். மூங்கில் பரணில் சின்ன வெங்காயம் குவிந்து கிடந்தது. அதன்மேல் வரிசையாகப் பேனர்கள்.

"எங்கடா என் மவன்?"

மாயவன் நிமிர்ந்தான். "வாங்கண்ணே. உக்காருங்க."

"உக்கார வரல. பேனர் எங்க?"

கண்ணையன் தானே ஒவ்வொன்றாகப் புரட்டினார். காதுகுத்துக் குழந்தை. மஞ்சள் நீராட்டுப் பெண். கைகூப்பிய வேட்பாளர், மூக்கின்மேல் காக்கை எச்சத்தோடு. கலைச்செல்வன் இல்லை.

"யாருக்காவது குடுத்துட்டியா?"

"இல்லண்ணே. வூட்டுல இருக்கு."

"அப்ப நீதான் எடுத்த."

"ஆமா."

"கல்யாண வூட்டுல கேட்டு எடுக்கத் தெரியுது. எளவு வூடுன்னா ஒனக்கு எளக்காரமா?"

"தப்புதாண்ணே."

"எதுக்குடா எடுத்த?"

மாயவன் கையிலிருந்த கயிற்றையே பார்த்தான். "மழ வர்ற மாதிரி இருந்துச்சு. இங்க ஒரு எடத்துல ஒழுவுது."

"ஒழுவுனா ஒரு தார்ப்பாய் வாங்கிப் போடு. அதுக்கு என் மவன் மூஞ்சிதான் கெடச்சிதா? கஞ்சப்பயலே! நாளைக்கு நான் செத்தா பாடையில கட்டுன பச்ச மூங்கிலக்கூட உருவிக்கிட்டு வந்துருவ!"

"திட்டுங்கண்ணே."

திட்டுங்கள் என்று சொல்கிறவனை எவ்வளவு நேரம்தான் திட்டுவது? சண்டை போடவும் தெம்பு வேண்டும். கண்ணையனுக்கு மூச்சு வாங்கியது.

வீட்டிலிருந்து மாயவன் பேனரை எடுத்து வந்தான். வெளுத்த வேட்டியில் சுற்றி வைத்திருந்தான். கண்ணையன் வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார்.

"திரும்ப அங்கியே கட்டப் போறீங்களாண்ணே?"

"பின்ன?"

"வூட்டுக்குள்ள மாட்டிக்கிங்களேன். வெயில்ல நெறம் போவுது."

"நீ எனக்குப் புத்தி சொல்லாத. இனிமே அந்த மரத்துப் பக்கம் வந்தீன்னா கைய ஒடிச்சிருவேன்."

மாயவன் தலையாட்டினான்.

மறுநாள் காலையிலேயே கண்ணையன் மரத்தடிக்குப் போய்விட்டார். கல்மேல் ஏறி ஒரு முனையைக் கட்டினார். இறங்கி, மூச்சு வாங்கி, மறுபடி ஏறி இன்னொரு முனை. கலைச்செல்வன் ரோட்டைப் பார்த்துச் சிரித்தான். இந்தப் படத்துக்குத்தான் நின்று சிரித்தானா பாவி?

மருமகள் மணிமொழி வந்தாள். கையில் சாப்பாட்டுப் பை. பெரம்பலூரில் ஜவுளிக்கடையில் வேலை.

"பாத்தியாம்மா, கொண்டாந்துட்டேன். அந்த மாயவன் பயதான் எடுத்தது. வர்ற ஞாயித்துக்கெழம ஊர்க்கூட்டத்துல நிறுத்தி மன்னிப்புக் கேக்க வெக்கிறேன் பாரு."

மணிமொழி அண்ணாந்து பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு ரோட்டோடு நடக்க ஆரம்பித்தாள்.

"ஏம்மா, பஸ்ஸு இங்கதான நிக்கும்? எங்க போற?"

"அடுத்த ஸ்டாப்புல ஏறிக்கிறேன் மாமா."

"அவ்ளோ தூரமா?"

"நாலு மாசமா அங்க போய்த்தான் ஏறுறேன். நேத்து ஒரு நாள்தான் இங்க நின்னு ஏறுனேன்."

கண்ணையனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கயிற்றைப் பிடித்தபடியே நின்றார்.

மணிமொழி திரும்பாமலே பேசினாள். "அவரு சிரிக்கிறதப் பாத்துக்கிட்டு பஸ்ஸுக்கு நிக்க முடியல மாமா. அழுதுக்கிட்டே போய் கடையில சேல விரிச்சிக் காட்ட முடியுமா?"

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேம்மா."

"தெனம் சாயங்காலம் நீங்க இங்க வந்து நிக்கிறீங்க. உங்ககிட்ட எப்படிச் சொல்லுவேன்? அதான் மாயவன் மாமாகிட்டப் போயி அழுதேன்."

"அவன் என்ன சொன்னான்?"

"'அவுத்துடறேன் தாயி, உம் பேரு வெளிய வராது. என்னையத் திருடன்னா இந்த ஊரு ஒடனே நம்பிரும்'னாரு."