ரிப்பன் வெட்டிய கத்தரிக்கோல்

ஒரு பல்கலைக்கழகத்தில் ஒரு கத்தரிக்கோல் இருந்தது. ரிப்பன் வெட்டுவதைத் தவிர அதற்கு வேறு வேலை கிடையாது. துணைவேந்தர் மாசிலாமணி வந்தபோது அங்கே ஓர் ஓட்டுக் கட்டடமும் கருவேல முள்ளும்தான் இருந்தன. அவருடைய நெடிய பதவிக்காலத்தில் நூலகம், ஆய்வுக்கூடம், பெண்கள் விடுதி என்று ஒவ்வொன்றாக எழும்பின. ஒவ்வொரு முறையும் அவர் ரிப்பனை வெட்டுவார், கூட்டம் கைதட்டும். அது தனக்குத்தான் என்று கத்தரிக்கோல் நினைத்துக்கொள்ளும்.

அவர் ஓய்வு பெற்ற அன்று, நினைவாக இருக்கட்டும் என்று அதை அவரிடமே கொடுத்துவிட்டார்கள். மறுநாள் காலை அது அவர் வீட்டு அடுக்களையில் கண்விழித்தது.

"இங்கே திறப்பு விழா எப்போது?" என்று பக்கத்திலிருந்த கரண்டியைக் கேட்டது.

"தினமும் காலையில் உண்டு. பால் பாக்கெட்" என்றது கரண்டி.

கத்தரிக்கோலுக்கு முகம் சுருங்கிவிட்டது. அதற்குள் மாசிலாமணி வந்து அதைக் கையில் எடுத்தார். காபி போடுவது இனித் தன் வேலை என்று மனைவியிடம் சொல்லியிருந்தார். பாக்கெட்டின் மூலையை நறுக்கென்று வெட்டினார்.

கத்தரிக்கோல் பழக்கதோஷத்தில் கைதட்டலுக்குக் காத்திருந்தது. அண்ணாந்து பார்த்தால், அவரும் பாக்கெட்டைப் பிடித்தபடி அப்படியே நின்றுகொண்டிருந்தார்.

"பால் சிந்துதுங்க" என்றாள், அடுக்களை வாசலில் நின்ற அவர் மனைவி தையல்நாயகி. பிறகு ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, மெல்லக் கைதட்டினாள்.