அண்ணனின் ஹார்ட் டிஸ்க்

இறந்துபோன ஒருவரின் வீடியோக்களை அழித்துவிட்டால், அதை அவர் மனைவியிடம் எப்படிச் சொல்வீர்கள்?

அண்ணன் இறந்த பிறகு, அவர் மகள் பாப்பாவுக்கு அப்பாவின் முகம் மறந்துகொண்டிருந்தது. அண்ணனின் வீடியோக்கள் இருந்த ஒரே ஹார்ட் டிஸ்கை அண்ணி வெளிநாட்டில் இருக்கும் எனக்கு அனுப்பினார். உள்ளங்கை அளவு மலிவான கம்ப்யூட்டரில் லினக்ஸ் என்ற இலவச மென்பொருளைப் போட்டு டிஸ்கை மாட்டினால், அவர்கள் ஊரிலிருந்தே இன்டர்நெட் வழியாக டிவியில் பார்க்கலாம். மெமரி கார்டில் எழுத வேண்டிய லினக்ஸை, தவறுதலாக டிஸ்கின் மேலேயே எழுதிவிட்டேன். ஒரு வீடியோகூட மிஞ்சவில்லை.

அண்ணிக்கு போன் செய்தேன்.

"அண்ணி, அந்த டிஸ்க்..."

"வீடியோ எல்லாம் டிவில வந்துடுச்சு தம்பி! பாப்பா டிவிய விட்டு நகர மாட்டேங்குறா. உங்க அண்ணன் வழக்கம்போல உங்களத்தான் கிண்டல் பண்றாரு. ஆமா, அவரு எப்போ உங்க ரூமுக்கு வந்தாரு? ரெண்டு பேரும் சொல்லவே இல்லையே?"

அண்ணன் இந்த நாட்டுக்கே வந்ததில்லை. டிஸ்கின் வயரைப் பிடுங்கி வைத்துவிட்டுப் படுத்தேன்.

மறுநாள் காலை அண்ணி கூப்பிட்டார். புதிதாக ஒரு வீடியோ வந்திருக்கிறதாம். அதில் நான் தூங்குகிறேனாம். "இன்னும் வாயப் பொளந்துக்கிட்டுதான் தூங்குறான் பாரு" என்று அண்ணன் சிரிக்கிறாராம்.