வேற நொட்டை உண்டா?

சுவர் வெடிப்பு ஒன்றில் ஒரு பல்லி குடியிருந்தது. போக வர ஒரே வாசல்தான். வாசலில் ஒரு சிலந்தி வந்து வலை பின்னத் தொடங்கியதும் உள்ளே இருந்த பல்லிக்கு வாய் நமநமத்தது.

"ச்சு ச்சு! என்ன தம்பி, இழை கோணலா ஓடுது?"

சிலந்தி அதை நேராக்கியது. "வேற நொட்டை உண்டா அண்ணே?"

"இல்லாமலா? இங்க ஓட்டை, அங்க தொய்வு. உங்கப்பன் வேலையும் இதே லட்சணம்தான். நான் சொல்லிச் சொல்லியே பாதி வலையில ஓடிட்டான்."

சிலந்தியின் கால்கள் ஒரு கணம் நின்றன. பிறகு ஒவ்வோர் ஓட்டையாக அடைத்துவிட்டு, மாறாத குரலில், "வேற?" என்று கேட்டது. வலை துணிபோல் தடித்தது. உள்ளே வெளிச்சம் மங்கியது. பல்லிக்கு ஏனோ வால்நுனி சில்லிட்டது. ஆனாலும் கண் சும்மா இருக்கவில்லை. மூலையில் தன் உடம்பு நுழையும் அளவுக்கு ஒரு சந்து தெரிந்தது.

"அடேய், அதை விட்டுட்டியே!"

"நீங்க வெளிய வர விட்டு வச்சிருந்தேன் அண்ணே," என்ற சிலந்தி, அதையும் அடைத்தது.

அன்றிலிருந்து அந்தச் சுவருக்குள் ச்சு ச்சு என்று கேட்கிறது, நாளுக்கு நாள் மெலிந்து.

"பல்லி சொல்லுது, நல்ல சகுனம்," என்கிறாள் வீட்டுக்காரி.