அம்மா பேரில் உபயம்

“அதை மட்டும் கேக்காதீங்க டீச்சரம்மா. வேற எது வேணும்னாலும் கேளுங்க, பார்சல் கட்டி அனுப்புதேன்.”

தி.நகரில் தன் ஜவுளிக்கடையின் கண்ணாடி அறையில் உட்கார்ந்து வைரவன் இதை மறுபடியும் சொன்னார். எதிரே அல்போன்சா, கொடுத்த மோரைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். மதுராந்தகத்தைத் தாண்டி ஒரு கிராமத்துப் பள்ளியில் கணக்கு டீச்சர்.

“வேற எதுவும் வேணாம் அண்ணாச்சி. பொண்ணுங்களுக்கு கக்கூஸ். நாலு. அவ்வளவுதான்.”

“தண்ணி மிஷின் வச்சுக் குடுத்தேன்லா? மினரல் வாட்டர் தோத்துப் போவும். பிள்ளைங்க குடிக்குதுகளா?”

“குடிக்கிறதில்ல.”

“ஏன், ருசி இல்லையா?”

“குடிச்சா போகணும். போக வழியில்ல. சாயங்காலம் வரைக்கும் அடக்கிக்கினு உக்காந்திருக்குதுங்க. பின்னால இருந்த புதரையும் பிளாட் போட்டு வேலி கட்டிட்டாங்க. ஒன்பதாவது படிக்கிற ஜுவேரியாவுக்கு கிட்னி வரைக்கும் இன்ஃபெக்‌ஷன் ஏறிடுச்சு. அவளை ஆஸ்பத்திரியில விட்டுட்டு நேரா இங்க வரேன். அவங்கப்பா டி.சி. கேட்டு நிக்கிறார். கக்கூஸ் விஷயம் முடிஞ்சாதான் ஸ்கூலுக்கு அனுப்புவேன்னுட்டார். அப்படிக் கணக்குப் போடற பொண்ணு எனக்கு இன்னொண்ணு கிடைக்காது அண்ணாச்சி.”

வைரவன் உச்சுக் கொட்டினார். நிஜமாகவே வருந்தினார். வருத்தம் அவரிடம் எப்போதும் கைவசம் இருக்கும் சரக்கு.

“ஆஸ்பத்திரிச் செலவு என்னுது. பெருநாளுக்கு அந்தப் பிள்ளைக்குச் சுடிதாரும் எடுத்துத் தாரேன்.”

“நாலு வேணாம். ரெண்டு போதும்.”

“வகுப்புக்கு வகுப்பு ஃபேன் போட்டுருதேன்.”

“சரி, ஒண்ணு. ஒரே ஒண்ணு.”

“தண்ணி மிஷினுக்கு கூலர்?”

தி.நகரில் கடைக்காரர் இறங்குவார், வாங்க வந்தவர் ஏறுவார். எங்கேயாவது ஓரிடத்தில் சந்தித்துவிடுவார்கள். இங்கே கேட்டவள் இறங்கிக்கொண்டே போனாள், கொடுப்பவர் ஏறிக்கொண்டே போனார். பேரம் படியவே இல்லை.

“ஒண்ணுக்குக்கூடவா அண்ணாச்சி மனசு வரல?”

“எங்கம்மா பேருலா அது, டீச்சரம்மா.” அவர் குரல் இறங்கியது. “விடியுமுன்ன உடமுள்ளுக் காட்டுக்குள்ள ஒதுங்கி, பாம்புக்குப் பயந்தே காலம் தள்ளுனவ. அவளை நெனச்சுத்தான் எனக்கு இந்த எண்ணமே வந்துச்சு. ஆனா அந்தப் பேரை மேல கல்லுல எழுதி வச்சிட்டு, கீழ பிள்ளைங்க போயி... நெனச்சாலே ஒடம்பு கூசுது.”

“அப்ப பேர் இல்லாம இருக்கட்டும்.”

“பேரு இல்லாத உபயமா?” கோயில் ட்யூப்லைட்டில் வெளிச்சத்தைவிடப் பெயரைப் பெரிதாக எழுதவைத்த மனிதர் அதிர்ந்துபோனார். “அது அநாதைப் பொணம் மாதிரிலா.”

“உங்கம்மா பட்டதைத்தான் அண்ணாச்சி, இந்தப் பொண்ணுங்களும் படுது.”

வைரவன் மோர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார்.

“குடிங்க. வெயில்ல வந்திருக்கீங்க.”

“வேணாம். நேரா ஸ்கூலுக்குப் போறேன். அங்க எனக்கும் அதே கதிதான்.”

அல்போன்சா பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். கதவுவரை போனவள், கேட்டுத் தொலைத்துவிடலாம் என்பதுபோல் திரும்பினாள்.

“நீங்க வந்து ரிப்பன் வெட்டி ஒரு வருஷம் ஆச்சு அண்ணாச்சி. நாலு கக்கூஸும் கட்டினபடியே பளபளன்னு நிக்குது. பூட்டை உடைச்சா தண்ணி மிஷினையும் கழட்டிடுவீங்கன்னு ஹெட்மாஸ்டர் பயப்படறார். ஒரு கதவுச் சாவியாவது குடுங்க.”

வைரவன் தன் கழுத்துச் சங்கிலியில் முருகன் டாலரோடு கோத்திருந்த நாலு சாவிகளையும் சட்டைக்குள் தள்ளிவிட்டுக்கொண்டார்.

“அசுத்தமாயிரும் டீச்சரம்மா.”