எட்டு மணி வகுப்பு

எந்தப் பாடத்தை எந்த நேரத்தில் படிப்பது என்று நாளைக்குள் கல்லூரியில் எழுதிக் கொடுக்க வேண்டும். பி.பி.ஏ. முதல் செமஸ்டரில் முதல் முப்பது பேருக்குள் வந்தால்தான் அடுத்து ஃபைனான்ஸ் பிரிவு. ரேணுகா படிவத்தோடு உட்கார்ந்திருந்தாள். அவள் அப்பா அய்யாக்கண்ணு கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார்.

“எட்டு மணி அக்கவுண்ட்ஸ் நக்கோம்மா, வேண்டாம். மத்த பாடம் மாதிரி இதையும் மத்தியானம் ரெண்டுக்கு மேல மாத்திக்கோ.”

“கைக்குப்பா, ஏன்? காலையிலதான் நல்ல சார் எடுக்கறாரு.”

“அவ்வளவு சீக்கிரம் பஸ் கிடைக்காது.”

“கிடைக்கும். விசாரிச்சுட்டேன்.”

“சாப்பிடாம ஓடுவே.”

“டப்பா எடுத்துட்டுப் போறேன்.”

“காலையில வேண்டாம்னா வேண்டாம்!” என்று அவர் கத்திவிட்டார்.

ரேணுகா எட்டு மணிக்கு நேரே டிக் அடித்தாள்.

“என் பேச்சுக்கு மரியாதை அவ்வளவுதானா?”

அவள் பேனாவை மூடிவைத்தாள்.

“நீங்க வேலை பார்த்த நாச்சாரம் ஃபேக்டரிய மூடி மூணு மாசமாச்சு, எனக்குத் தெரியும்ப்பா. நீங்க இன்னும் அந்த யூனிஃபார்மைப் போட்டுக்கிட்டுத்தான் வீட்டை விட்டுக் கிளம்பறீங்க.”

அய்யாக்கண்ணு அப்படியே நின்றுவிட்டார். அவள் சேர்ந்திருக்கும் கல்லூரியின் வாசலில் இப்போது அவர் செக்யூரிட்டி. காலை ஆறிலிருந்து மத்தியானம் இரண்டு வரை டியூட்டி.

“கூடப் படிக்கிறவங்க பாத்தா உனக்குத்தானேம்மா அவமானம்?”

“அப்ளிகேஷன் வாங்கப் போன அன்னிக்கே கூட வரிசையில நின்னவங்களுக்கெல்லாம் காட்டினேன், அதோ எங்கப்பான்னு. நீங்கதான் என்னைப் பாத்ததும் தூணுக்குப் பின்னாடி போயிட்டீங்க.”