வெள்ளைக் குதிரை விளம்பரம்

டிவியில் கிரிக்கெட் இறுதிப் போட்டியின் நடுவே புல்லாங்குழல் இசையோடு விளம்பரம் வந்தது.

"இப்ப என்னடா?" என்றார் அப்பா.

"பாத்திரம் கழுவுற சோப்புப்பா."

"முன்னாடி வந்தது?"

"டூத்பேஸ்ட்."

அப்பா உதட்டைப் பிதுக்கினார். "சே! போன வருஷம் எப்படி இருந்துச்சு தெரியுமா? நிலா வெளிச்சத்துல கடல். அலை மேல வெள்ளைக் குதிரை ஓடும். இந்த வருஷம் ஒண்ணுகூட உருப்படியா இல்ல."

வெளியூர் வேலையிலிருந்து வந்திருந்த மகனுக்கு எரிச்சல். "போன வருஷமும் இதே சோப்புதான்பா. நானும்தான் அங்க ரூம்ல பார்த்தேனே!"

அப்பா முகம் வாடிப்போனது.

ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்து வந்த அம்மா, பையைக்கூட இறக்காமல் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். திரையில் மறுபடியும் அதே சோப்பு, அதே புல்லாங்குழல்.

"மழை பெய்யுதுங்க," என்றாள் மெதுவாக. "ஒரு பொண்ணு குடையை வீசிட்டு ஓடுறா. குடை பறவையாகி மேகத்துக்குள்ள போகுது..."

பார்வை போன நாளிலிருந்து அப்பாவுக்கு ஆட்டத்தைச் சொல்ல வர்ணனையாளர் இருந்தார். விளம்பரத்தைச் சொல்ல அம்மா.

"கேட்டியாடா? உனக்குத்தான் பார்க்கத் தெரியல!" அப்பா சிரித்தார்.

மகன் திரையைப் பார்த்தான். நுரை பொங்கிக்கொண்டிருந்தது. கண்களை இறுக மூடிக்கொண்டான்.

"அப்புறம் என்னம்மா ஆச்சு?"