முதல் சொட்டு

நல்லூர் சாயப்பட்டறையின் ஆய்வகத்தில் இன்று சாயம் அளக்கும் புது மிஷினுக்கு முதல் வகுப்பு. இத்தனை நாளும் கையால் சாயம் அளந்த நதியாவுக்கு, இனி நமக்கு இங்கே என்ன வேலை என்ற நினைப்பில் காலையில் சோறே இறங்கவில்லை. "பயப்படாம பொத்தான அமுத்துங்க," என்கிறார் லேப் மேனேஜர் ஈஸ்வரமூர்த்தி. அமுக்குகிறாள். மிஷினின் கண்ணாடிக்குள் மெல்லிய குழாய் ஒன்று தானே நகர்ந்து வந்து, குப்பியின்மேல் நின்று, மாதுளை முத்துபோல ஒரு சொட்டு விடுகிறது. ஜன்னல் வெயிலில் அது மின்னி விழ, தண்ணீருக்குள் சிவப்புப் புகையாய் விரிகிறது. அளவு சரி என்று திரையில் பச்சை எழுத்து ஒளிர்கிறது. பின்னால் நிற்கும், கூட வேலை செய்யும் விஜயராணி அவள் தோளைப் பிடித்து உலுக்குகிறாள். "நாளையிலிருந்து இத நீங்கதானுங்க ஓட்டோணும்," என்கிறார் ஈஸ்வரமூர்த்தி. நதியாவின் காதில் அது விழுந்து, முகமெல்லாம் சிரிப்பாய்ப் பரவுகிறது. விரல் மறுபடி பொத்தானுக்குப் போகிறது. "இன்னொரு தடவ அமுக்கட்டுமா சார்?"